நாற்பத்தேழு காயின், மூன்று இடம்

அந்தப் புரோகிராம் கோப்பை முதன்முறை முழுதாகப் படித்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பதினெட்டு வரி. அதற்குக் கீழே அதே பதினெட்டு வரி. அதற்கும் கீழே, அடக் கடவுளே, மறுபடி அதே பதினெட்டு வரி. இப்படி நாற்பத்தேழு தடவை. உருட்டிக்கொண்டே போகிறேன், கண்ணுக்கு முன்னால் ஒன்றும் மாறவில்லை. கம்ப்யூட்டர்தான் நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை சந்தேகப்பட்டேன்.

எங்களுடையது கிரிப்டோ காயின்களின் விலையைக் காட்டும் ஒரு சின்ன ஆப். கொச்சியில் நாலு மேஜை போட்ட ஆபீஸ். நான் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். விலையை நாங்கள் உண்டாக்குவதில்லை. வெளியே ஓர் இணையதளம் இருக்கிறது. அதன் ஏபிஐ முகவரிக்கு, இந்தக் காயின் இப்போது என்ன விலை என்று ஒரு கேள்வியை அனுப்பினால் பதில் வரும். அதை வாங்கி வைத்து, திரையில் காட்ட வேண்டும். இதற்குத்தான் அந்தப் பதினெட்டு வரி. என் வீட்டுக்காரருக்குத் தேங்காய் வியாபாரம். அவர் ஒரு நாள் மாடிக்கு வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, கையில தொட முடியாத காசுக்கு வெல சொல்றதுக்கு ஒரு கம்பெனி, அதுக்கு ஒரு மாடி ரூம்பு, அதுக்கு ஒரு ஃபேனு" என்று சொல்லிவிட்டு ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

ஒரு காயினுக்கு எழுதிய துண்டை இன்னொரு காயினுக்குப் பயன்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. அப்படியே நகல் எடுத்து, மூன்று இடத்தில் மட்டும் பெயரை மாற்றினால் போதும். கேள்வி கேட்கும் இடத்தில் ஒன்று, வந்த விலையை வைக்கும் இடத்தில் ஒன்று, திரையில் காட்டும் இடத்தில் ஒன்று. புதுக் காயின் வரும்போதெல்லாம் இப்படியே செய்து செய்து அந்தக் கோப்பு வீங்கிப்போயிருந்தது.

எங்கள் மேனேஜருக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று இது கண்ணில் பட்டுவிட்டது. போனில் கூப்பிட்டு, "சேச்சி, இது எந்தா இங்ஙனே? ஒரே சாதனம் நாப்பத்தேழு தவண!" என்று மலையாளத்தில் சத்தம் போட்டார், ஏதோ நான் எழுதியதுபோல. எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனாகச் சுருக்க வேண்டும், காயின் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால் போதும், புதிதாக ஒன்று வந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதினாலே எனக்குக் கை அரிக்கும்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு என்ன வேலைங்க சார்?" என்று கேட்டேன்.

"லிஸ்ட் ஆனா அவள் வேண்டல்லோ சேச்சி" என்றார். "இந்த மாசத்தோட நிறுத்தாம்." பட்டியல் வந்துவிட்டால் அவள் வேண்டாமாம், இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாமாம்.

அந்த நாற்பத்தேழு துண்டுகளையும் நகல் எடுத்து மாற்றி வைத்தவள் அவள்தான். மறையூருக்கு மேலே, மூணாறு போகிற வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில் இருந்துகொண்டு எங்களுக்கு வேலை செய்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். பத்து வருஷம் கொழுந்து கிள்ளியவள். ஒரு மழைநாளில் சாக்கைத் தலைக்குத் தூக்கும்போது முதுகுத் தண்டில் தட்டு விலகிப்போயிற்று. குடத்துக்கு மேல் எடை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேவாலயப் பங்கு ஆபீசில் ஞானஸ்நானப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துப் பழகியிருந்ததால், விலை ஏற்றும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் தேடியபோது வந்து சேர்ந்தாள். முதலில் விலைகளைக் கையால் அடித்தாள். பிறகு நகல் எடுத்து மூன்று இடம் மாற்றுவதை யாரோ காட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அதுவும், விலைகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பதும்தான் அவள் வேலை. இந்த வேலை போனால் அவளுக்கு இருப்பது மலை ஒன்றுதான். கொழுந்து கிள்ளப் போவதை அங்கே மலைக்குப் போவது என்பார்கள்.

புரோகிராம் ஒரு எழுத்து தெரியாதவள். ஆனால் மூன்று வருஷத்தில் அவள் மாற்றிய துண்டுகளில் ஒரு பிழையை நான் பார்த்ததில்லை. படித்துவிட்டு வந்தவர்கள்கூட இரண்டு இடத்தை மாற்றிவிட்டு மூன்றாவதை மறந்து, ஒரு காயின் விலையை இன்னொன்றின் பெயரில் காட்டி மானத்தை வாங்குவார்கள். இவள் மட்டும் எப்படித் தப்புவதே இல்லை என்று எனக்குப் புரியாமலே இருந்தது. ஒரு நாள் தன் திரையை எனக்குக் காட்டியபடி வேலை செய்துகொண்டிருந்தாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். முதல் இடத்தில் பெயரை மாற்றும்போது மெதுவாக "பிதா" என்றாள். கொஞ்சம் உருட்டி இரண்டாவது இடத்துக்கு வந்து "சுதன்." மூன்றாவது இடத்தில் "பரிசுத்த ஆவி." பிறகு "ஆமென்" என்று சொல்லி சேவ் பட்டனைத் தட்டினாள்.

"என்ன கண்ணு, செபமா பண்றே?" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயையோ, கேட்டுருச்சாக்கா?" என்று வெட்கப்பட்டாள். "எண்ணிக்க விட்டுப்போவக் கூடாதுல்லக்கா. ஒண்ணு ரெண்டு மூணுன்னா நடுவுல மறந்துரும். இது சின்னதுலருந்து சொல்லுதது. பாதியில நிறுத்துனா நாக்கு சும்மா இருக்காது, மிச்சத்தையும் சொல்லச் சொல்லும்."

நான் சாமி கும்பிடுவதே தைப்பொங்கலுக்கும் பரீட்சைக்கும் என்று இருந்தவள். ஆனாலும் அவள் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. என் தொழிலில் பிழை வராமல் இருக்க எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. இவ்வளவு மலிவாக, இவ்வளவு நம்பகமாக ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

மேனேஜர் சொன்ன பிறகு ஒரு வாரம் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. தலைவலி என்றேன். கரண்ட் இல்லை என்றேன். சித்தூரில் கரண்ட் போவது உண்மைதான், ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேறு வேலை ஏதாவது கொடுங்கள் சார், வாடிக்கையாளர்களுக்குப் பதில் போடட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு ஆங்கிலம் வேண்டும், மலையாளம் எழுத வேண்டும் என்றார். அவளுக்கு மலையாளம் பேசத்தான் வரும். எனக்கும் அதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. நாற்பத்து நாலு வயதில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் திரையைப் பார்க்கிறேன், சாயங்காலமானால் ரோட்டில் எதிரே வருகிற ஆளின் முகம்கூட மங்கலாகத் தெரிகிறது. இதில் அடுத்தவருக்காக எங்கே போய்ச் சண்டை போடுவது? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் வேலை என்னவோ ஒன்றரை நாள்தான் பிடித்தது. பட்டியல் ஒன்று, அதை வரிசையாக எடுத்துக் கேட்கும் ஃபங்ஷன் ஒன்று. எண்ணூற்றுச் சொச்சம் வரி எழுபது வரியாகச் சுருங்கிவிட்டது. பழைய காலமாக இருந்தால் ஒரு கப் காபி போட்டுக் குடித்துவிட்டு, நாமும் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அன்று ஒரு சந்தோஷமும் வரவில்லை, கழுத்து வலிதான் வந்தது.

சுருக்கும்போது சில துண்டுகள் மட்டும் மற்றவற்றைப் போல இல்லாததைக் கவனித்தேன். ஒன்றில் அதே கேள்வியை அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்டிருந்தது. நகல் எடுக்கும்போது கை தவறி இரண்டு முறை ஒட்டிவிட்டாள், பாவம், இவளும் தப்பு செய்வாளா என்று நினைத்து அதையெல்லாம் துடைத்துச் சமமாக்கினேன். அன்று மதியமே புதிய புரோகிராமை ஆப்பில் ஏற்றிவிட்டோம்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குள் மேனேஜர் ஐந்து தடவை கூப்பிட்டுவிட்டார். ஒரு காயினுக்கு விலை பூச்சியம் என்று காட்டுகிறது. வாங்கி வைத்திருந்தவர்களெல்லாம் கூப்பிட, ஆபீஸ் போன் ஓயாமல் அடிக்கிறது. நான் பல்கூட விளக்காமல் மாடிக்கு ஓடினேன். எங்கே பார்த்தாலும் பிழை தெரியவில்லை. சனியன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"சொல்லு சாமி."

"அந்தக் காயினு மொதக் கேள்விக்கு வாயத் தொறக்காதுக்கா. பூச்சியம்னுதான் சொல்லும். ரெண்டாவது வாட்டி கேட்டாத்தான் வெல வரும். அதான் ரெண்டு தடவ போட்டு வச்சிருந்தேன்."

"அட, இதை ஏங் கண்ணு எங்கிட்டச் சொல்லவே இல்லே?"

"நீங்க கேக்கலியேக்கா."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், கேட்கவில்லை. கேட்டால் எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டிவருமே என்றுதான் கேட்கவில்லை. புரோகிராமை மாற்றியாயிற்று என்பதே அவளுக்குத் தெரியாது. ஆபீசில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பூச்சியத்தைப் பார்த்து, யாரோ தன் துண்டைத் தெரியாமல் அழித்துவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இரண்டு தடவை கேட்கும்படி மாற்றியதும் பூச்சியம் போய் விலை வந்துவிட்டது. எனக்கு ஒரு நப்பாசையும் வந்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டேன். பாருங்கள் சார், இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, தினமும் விலையைப் பார்த்துப் பார்த்து அவள் கண்டுபிடித்து வைத்தது, இவளை விட்டால் நாம் திண்டாடிப்போவோம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவ்வளவு ஆவேசமாக நான் பேசிப் பல வருஷம் ஆகியிருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம்.

"சரியாணு சேச்சி" என்றார். "அப்போ அவளுக்கு அறியுன்னது எல்லாம் சோதிச்சு வாங்கி, லிஸ்ட்டில் சேர்த்தோளூ. பின்னே ப்ராப்ளம் இல்லல்லோ."

அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு வாங்கி, பட்டியலில் சேர்த்துவிட வேண்டுமாம். அவளைக் காப்பாற்றப் போய், மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வர நானே வழி சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அவள் வேலை போகப்போகிறது என்பதை இந்த முறை நானே நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சித்தூரிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து மூணாறு பஸ். செக்போஸ்ட்டில் அரை மணி நேரம் நின்றது. அதற்குள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் வாயில் ஒட்டவில்லை. மறையூரில் பஸ் நின்றபோதுதான் வெறுங்கையோடு போகிறோமே என்று உறைத்து, இறங்கி ஓடி ஒரு கிலோ உருண்டை வெல்லம் வாங்கினேன்.

"எங்கூரு வெல்லத்த எங்களுக்கேவா வாங்கியாந்தீக?" என்று சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தாள். மூன்று வருஷமாகக் குரலாகவும் திரையின் மூலையில் ஒரு சின்ன முகமாகவும் தெரிந்தவள், நேரில் என்னைவிட உயரமாக இருந்தாள். வீட்டுக்காரர் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். லேப்டாப் சமையலறை ஜன்னலோரம் ஒரு அரிசி டிரம்மின் மேல் இருந்தது. அந்த ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்குமாம். உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதால் நின்றுகொண்டே வேலை செய்வாள். மூன்று வருஷமும் இவள் நின்றுகொண்டே என்னிடம் பேசியிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"ஏதோ எல்லாத்தயும் சுருக்குதீகன்னு மேனேஜர் நேத்துதான் சொன்னாரு. நல்லதுதாங்க்கா. எனக்கே அதப் பாத்தா மலைப்பா இருக்கும்" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், "டீ குடு கண்ணு, தலை வலிக்குது" என்றுதான் வந்தது.

மொத்தம் ஏழு காயின் தனிப் போக்கு உள்ளவை. டீயை நீட்டிவிட்டு நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது இரண்டு தடவை கேட்டால்தான் பேசும். இது காலை வேளையில் முந்தின நாள் விலையையே திருப்பிச் சொல்லும், நேரத்தைச் சரிபார்க்கணும். இது ரொம்பச் சின்ன விலை, புள்ளிக்குப் பின்னால் எட்டு இலக்கம் விடாவிட்டால் கடைசி எண்கள் வெட்டுப்பட்டுத் தப்பாகத் தெரியும். இந்த நாய் படம் போட்ட காயின் இருக்கிறதே, இது ஒழுங்கான பிள்ளை, ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. இப்படி லைன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே போனாள். முகத்தில் அவ்வளவு பெருமை. இதையெல்லாம் அவளிடம் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. நான் ஒவ்வொன்றையும் பட்டியலில் அந்தந்தக் காயினுக்கு நேராகக் குறித்துக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. சோதித்துப் பார்த்த ஒவ்வொரு தடவையும், ஒன்றாவது தவறாக இருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

முடிக்கும்போது மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. புதுக் காயின் ஒன்று சேர்க்க வேண்டும். நாற்பத்தெட்டாவது.

"இத நான் போடுதேன்க்கா" என்று ஆசையாக முன்னால் வந்தாள். "புது முறையில எப்படின்னு காட்டுங்க."

பட்டியலின் கடைசி வரியைக் காட்டி, இதற்குக் கீழே பெயரை எழுது என்றேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒரு விரலால் எழுத்தெழுத்தாக அடித்தாள். அடித்து முடித்து, "பிதா" என்றாள்.

பிறகு கீழே உருட்டினாள். கோப்பு அங்கேயே முடிந்துவிட்டது. மேலே உருட்டினாள். மறுபடி கீழே வந்தாள். விரல் அந்தரத்தில் நின்றது.

"மத்த ரெண்டும் எங்கக்கா?"

"இல்ல கண்ணு" என்றேன். "ஒரு எடந்தான். அவ்வளவுதான்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கத் தேவையே இருக்கவில்லை.

"இதச் சொல்லத்தான் அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தீகளாக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். இந்த மாதக் கடைசியா என்று கேட்டாள், அதற்கும் ஆட்டினேன்.

"அப்ப நாளைக்கே சூப்பர்வைசர்ட்ட பேரு குடுத்துரணும். பொறவு குடுத்தா மலைக்கு எடுக்க மாட்டாக" என்றாள், கடைக்குப் போவதைப் பற்றிப் பேசுகிற குரலில். கை தானாக இடுப்புக்குப் பின்னால் போய் முதுகைப் பிடித்தது.

"சாக்குத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே கண்ணு."

"பெல்ட்டு இருக்குக்கா."

எனக்கு என்மேலேயே வெறுப்பாக வந்தது. அழுகையும் வந்தது, அதுகூட முழுசாக வரவில்லை, அவ்வளவு அலுப்பு. இருபது வருஷம் படித்ததும் எழுதியதும் இவளை மறுபடி சாக்கின் அடியில் கொண்டுபோய் நிறுத்தத்தானா என்றிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன், அதைச் சொன்னால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எதையோ முணுமுணுத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனேன்.

"இருங்கக்கா, இன்னும் சேவ் பண்ணல" என்று என் கையை விலக்கினாள்.

திரையில் வேறெதையும் தொடாமல், "சுதன், பரிசுத்த ஆவி" என்று மிச்சத்தையும் சொன்னாள். பிறகு "ஆமென்" என்று பட்டனை அழுத்தினாள்.